ஏழு மணிக் கையளிப்பு: தாதியருக்குள் மூளும் சண்டை எங்கிருந்து வருகிறது?

பண்ணைக் காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வடக்கில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் சத்திரசிகிச்சை விடுதியில் 14 ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். அண்மையில் எங்கள் விடுதியில் நடந்த ஒரு சிறு விடயத்தை இங்கே எழுதி, இத்துறையை அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

மாலை 7 மணிக் கையளிப்பு நேரம். மாலை முறையில் நின்றவரும் இரவு முறைக்கு வந்தவரும் வழமைபோல் அபாயகர மருந்துகளின் அலமாரியைத் திறந்து எண்ணினார்கள். பதிவேட்டில் இருந்ததைவிடப் பெத்திடின் (கடும் வலிக்குக் கொடுக்கும் ஊசிமருந்து) குப்பி ஒன்று குறைந்தது. மாலை முறையில் நின்றவர் 750 பேருந்தைப் பிடித்து நெல்லியடியில் இறங்க வேண்டியவர். அதைத் தவறவிட்டால் கணவர் மோட்டார் சைக்கிளில் வரவேண்டும், கணவர் வெளிக்கிட்டால் பிள்ளைகள் தனியே நிற்பார்கள். "நான் எண்ணிப்போட்டுத்தான் நிக்கிறன், வடிவாப் பாருங்கோ" என்றார் அவர். "எண்ணிக்கை சரிவராமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார் மற்றவர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருபத்தைந்து நிமிடங்களின் பின்னர், சிறுநீரக வடிவத் தட்டு ஒன்றில் பஞ்சுக்கு அடியில் வெற்றுக் குப்பி கிடந்தது. 11ஆம் கட்டில் நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது, பதிவேட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று நின்றுபோன பேச்சு இன்றுவரை தொடங்கவில்லை. ஒரே மேசையின் இரு பக்கங்களில் நின்றுகொண்டு, பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவியிடம் "அவவிட்டைச் சொல்லுங்கோ" என்று தூது அனுப்புகிறார்கள்.

நிலம் துடைத்துக்கொண்டிருந்த சுகாதார உதவியாளர் அம்மா, "பொம்பிளையள் கூடினால் உப்பிடித்தான்" என்றார். மறுநாள் விடயத்தைக் கேள்விப்பட்ட சத்திரசிகிச்சை நிபுணரும் அதையே ஆங்கிலத்தில், சற்று மென்மையாகச் சொன்னார். வேறு எந்த விடயத்திலும் ஒத்துப்போக வாய்ப்பில்லாத இருவர் இதில் மாத்திரம் ஒத்துப்போனது எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஏனெனில் அன்று மாலை 5 மணிக்கு நடந்ததை அந்த இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆய்வுகூட அறிக்கை ஒன்று கட்டில் அட்டையில் இணைக்கப்படவில்லை என்பதற்காக, இருபது நோயாளர்களுக்கு முன்னால் மாலை முறையில் நின்ற தாதி நிபுணரிடம் வசை கேட்டார். அறிக்கையை எடுத்து வருவது அவருடைய வேலையே அல்ல. அவர் பதில் பேசவில்லை. பேச முடியாது. அதன் பின்னர் இரண்டு நோயாளர்களின் உறவினர்கள் வேறு சத்தமிட்டார்கள். அவர்களுக்கும் பதில் பேசக்கூடாது. 7 மணிக்கு வாசலில் வந்து நின்ற சக தாதிதான், அன்று அவர் திருப்பிப் பேசக்கூடிய முதலாவது ஆள். கோபம் மூண்ட இடம் வேறு, கொட்டிய இடம் வேறு.

இதில் பெண் குணம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

இணுவில் தம்பி

அக்கா, நான் ஆண் தாதி, ஒன்பது ஆண்டுச் சேவை. உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டு, மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

என்னை நோயாளர்கள் "சேர்" என்கிறார்கள்; புதிதாக வருபவர்கள் "டொக்டர்" என்றே அழைக்கிறார்கள். என்னைவிடப் பதினொரு ஆண்டு மூத்த, எனக்கு நரம்பூசி ஏற்றப் பழக்கிய அக்காவை அதே நோயாளர்கள் "மிஸ்ஸி" என்றும், வயதானவர்கள் "பிள்ளை" என்றும் அழைக்கிறார்கள். நான் சொன்னால் பார்வையாளர் உடனே வெளியேறுகிறார். அவர் மூன்று தடவை சொன்னாலும் "உதிலை ஒருக்கால் நிண்டிட்டுப் போறன்" என்கிறார்கள். இது எனக்கு உழைக்காமல் கிடைக்கும் மரியாதை என்பதை நான் அறிவேன். அந்த அக்காவும் அறிவார். எங்களுக்கிடையில் ஏதாவது கசப்பு இருந்தால் அதன் வேர் அங்கேதான் இருக்கிறது, அவருடைய சுபாவத்தில் இல்லை.

ஆனால் இந்த மரியாதைக்கு விலையும் உண்டு. மது அருந்திவிட்டு அடிபட்டு வருபவர், கட்டிலில் கட்டிவைக்க வேண்டியவர், தொண்ணூறு கிலோ எடையுள்ள பக்கவாத நோயாளி எல்லோரும் என் பொறுப்பு. "நீர் ஆம்பிளைப் பிள்ளைதானே" என்ற ஒரு வாக்கியத்தில் மாதத்துக்கு இரண்டு இரவு முறை கூடுதலாக வந்து சேர்கிறது. இரவு முறையில் சக பெண் தாதி ஒருவருடன் தேநீர் குடித்தால் மூன்றாம் நாள் அது கதையாகிவிடும். யாழ்ப்பாணம் எவ்வளவு பெரிய ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் பெரும்பாலும் மருந்து அறையில் தனியே சாப்பிடுகிறேன். தேநீர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பெண்களுக்குள் சண்டை வருகிறது என்கிறீர்கள். சண்டை பிடிக்கும் அளவுக்கு நெருக்கமும் அங்கே இருக்கிறது. எனக்கு இரண்டும் இல்லை.

மானிப்பாய் அம்மா

பிள்ளைகள் இருவரும் எழுதியதை வாசித்தேன். நான் விடுதிப் பொறுப்புச் சகோதரியாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இதில் உடன்பாடில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மன அழுத்தம் சண்டையை உண்டாக்குகிறது என்றால், நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறியிருக்க வேண்டும். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ். வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளர்களும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரும் விடுதிகள் இயங்கின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி முழு ஊரும் இடம்பெயர்ந்தபோது, மழையில் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் தாதியரும் இருந்தோம். போன இடத்தில் வாங்குகளைக் கட்டில்களாக்கிக் காயம் கட்டினோம். மின்சாரம் இல்லை. சவர்க்காரம் இல்லை. துணியை அவித்துக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தினோம். எவரும் எவரோடும் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்று எல்லாம் இருக்கிறது. கைத்தொலைபேசி இருக்கிறது, கொடுப்பனவு இருக்கிறது, சங்கம் இருக்கிறது. ஒழுங்குதான் இல்லை. கையளிப்பு நேரத்தில் பேருந்தை நினைக்கும் தாதி பதிவேட்டில் எழுத மறப்பாள். அதற்கு நிபுணரின் வசையைக் காரணம் காட்ட வேண்டாம். வசையை நாங்களும் கேட்டோம்.

பண்ணைக் காற்று

அம்மா, உங்கள் காலத்தவர்கள் செய்தவற்றுக்கு முன்னால் நாங்கள் பேச வாயில்லை. என்றாலும் ஒன்றைக் கேட்க அனுமதியுங்கள். அந்த நாட்களில் உங்களுக்கு வந்த துன்பம் எல்லோருக்கும் ஒரே திசையிலிருந்து வந்தது. ஷெல் விழும்போது இன்னாருக்கு விழட்டும் என்று யாரும் பெயர் எழுதவில்லை. எங்களுடைய துன்பம் மாதக் கடைசியில் ஒரு தாளில் பெயரோடு வருகிறது. யாருக்கு எத்தனை இரவு, யாருக்கு ஞாயிறு, யாருக்கு நல்லூர்த் தேரன்று விடுமுறை என்று அதில் எழுதியிருக்கிறது. ஷெல்லுக்குக் கையெழுத்து இல்லை, கடமைப் பட்டியலுக்கு உண்டு.

தட்டாதெரு வாசி

என் மனைவி தாதி. இரவு முறை முடித்துக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் கிணற்றடியில் தனியே இருப்பார். நான் பேச்சுக் கொடுப்பதில்லை. இதை மணம் முடித்து நான்கு ஆண்டுகளின் பின்னர்தான் கற்றுக்கொண்டேன். அதுவரை என்மீது கோபம் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்னர் அவர் கிணற்றடிக்குப் போகவில்லை, நேரே அடுப்படிக்குத்தான் போனார் என்பதையும் எழுதுவதே நேர்மை.

திருநெல்வேலி வாசகர்

இந்த இழையில் பேசப்படுபவை பிற நாடுகளிலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டவை என்பதால், எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சேர்க்கிறேன். கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் நான், தாதி அல்ல. ஆகவே விடுதிக்குள் இருப்பவர்கள் என்னைத் திருத்தலாம்.

பண்ணைக் காற்று எழுதியதை 1983இல் சூசன் ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஏறத்தாழ அதே வடிவில் விளக்கியிருக்கிறார். மேலே இருப்பவரை எதிர்க்க இயலாத ஒரு குழு, தன் கோபத்தைத் தனக்குள்ளேயே, பக்கத்தில் நிற்பவர்மீது திருப்பிக்கொள்கிறது என்பது அவர் வாதம். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட மக்களைப் பற்றிய சிந்தனைகளிலிருந்து அவர் அதை எடுத்துத் தாதியருக்குப் பொருத்தினார். அந்தக் குழு பெண்களால் ஆனது என்பதற்குக் காரணம் வரலாறு. மோதல் வருவதற்குக் காரணம் அதிகாரம் அமைந்திருக்கும் முறை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்தால்தான் "பெண்ணுக்குப் பெண் எதிரி" என்ற முடிவு கிடைக்கும்.

உண்மையில் அழுத்தமும் பாலினமும் பற்றிய ஆய்வு வேறொரு திசையைக் காட்டியது. அழுத்தம் வந்தால் உயிரி சண்டையிடும் அல்லது ஓடும் என்ற பழைய கருத்து, பெரும்பாலும் ஆண்களையும் ஆண் விலங்குகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் எழுந்தது. ஷெல்லி டெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில், பெண்கள் அழுத்தத்தின்போது பேணவும் துணை தேடவும் முனைகிறார்கள் என்று வாதிட்டார்கள். இதையும் அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. நாளைக்கே ஒரு நிருவாகி இதைப் படித்துவிட்டு, "பெண்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வார்கள், ஆளணி எதற்கு" என்று கேட்கலாம்.

இணுவில் தம்பி சொன்ன "சேர்" விடயமும் புதிதன்று. 1992இல் கிறிஸ்ரின் வில்லியம்ஸ், தாதியம் போன்ற பெண்கள் நிறைந்த தொழில்களுக்குள் வரும் ஆண்கள் மேல்நோக்கித் தள்ளப்படுகிறார்கள், தாமே விரும்பாவிட்டாலும் தள்ளப்படுகிறார்கள் என்று காட்டினார். உலகத் தாதியரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கணக்கிட்டது. நம் நாட்டில் தாதியர் சங்கங்களின் முகமாக மக்கள் நெடுங்காலம் அறிந்தவர்களோ முருத்தெட்டுவே ஆனந்த தேரரும் சமன் ரத்னப்பிரியவும். இதை அவர்கள்மீது குற்றமாகச் சொல்லவில்லை. இரவு முறைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கும் ஒருத்திக்குச் சங்கக் கூட்டத்துக்குக் கொழும்பு போக எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று மாத்திரம் யோசிக்கிறேன்.

மானிப்பாய் அம்மாவின் ஒழுங்கு பற்றிய வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. இசபெல் மென்ஸிஸ் 1960இல் இலண்டன் வைத்தியசாலை ஒன்றை ஆராய்ந்தபோது, கண்டிப்பான நடைமுறைகள் தாதியரை நோயாளியின் துயரத்திலிருந்து மறைத்துக் காப்பதற்காகவே வளர்ந்தவை என்றும், அதே நடைமுறைகள் புதியதொரு பதற்றத்தை உண்டாக்கின என்றும் கண்டார். ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் ஒழுங்கு அழுத்தத்தைக் குறைக்கிறதா, மூடிவைக்கிறதா என்பதை விடுதிக்கு விடுதி பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஒருத்தி

நான் பெண் மருத்துவர். இந்த உரையாடலில் மருத்துவர்கள் வசை பாடுபவர்களாக மாத்திரம் வருவதால் எழுதவில்லை. அது பெரும்பாலும் உண்மைதான்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் என்னுடன் ஓர் ஆண் மருத்துவரும் கடமையில் இருந்தார். அவர் காயம் கட்ட வந்தால் தள்ளுவண்டி தயாராக நிற்கும், கையுறை அளவுகூடத் தாதிக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்டால் "அங்கை கிடக்கு, எடுங்கோ" என்பார்கள். நோயாளர்களோ என்னையும் "மிஸ்ஸி" என்றே அழைத்தார்கள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு நினைக்கிறேன். தாதி என்று நினைத்துவிட்டார்களே என்பதுதான் அந்த எரிச்சல். அதை என் முகம் காட்டியிருக்கும். தாதியர் அந்த முகத்தைப் பார்த்திருப்பார்கள். பிறகு எப்படித் தள்ளுவண்டி வரும்?

அதே விடுதியில் நடந்த இன்னொன்று. சிறுநீரகம் தளர்ந்த எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவருக்கு நான் இதய மருந்தான டிஜொக்சினை 250 மைக்ரோகிராம் என்று எழுதிவிட்டேன். இரவு பதினொரு மணி இருக்கும், இருபது மணி நேரமாக நித்திரையில்லை. மூத்த தாதி ஒருவர் கட்டில் அட்டையை என்னிடம் நீட்டி, "டொக்டர், பழைய அட்டையிலை 125தானே கிடந்தது, கூட்டியிருக்கிறியளோ?" என்று கேட்டார். பிழை என்று அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றும் விதமாகக் கேள்வியாகக் கேட்டார். நான் 125 என்று திருத்தினேன். "சரி டொக்டர்" என்று போய்விட்டார்.

தாதி யோசனை சொல்லவேண்டும், ஆனால் சொன்னதாகத் தெரியக்கூடாது என்ற இந்த நாடகத்தை லியோனார்ட் ஸ்ரைன் என்ற மனநல மருத்துவர் 1967இலேயே விவரித்திருக்கிறார் என்று பின்னர் வாசித்தேன். நான் பெண்ணாக இருந்தும் அந்த நாடகம் அப்படியே நடந்தது. அன்று அவர் நேரடியாக "இந்த அளவு கூடிப்போச்சு" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நன்றி சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. களைப்பில் இருந்த அந்த இரவை நினைத்தால் நிச்சயமில்லை.

கொக்குவில் மழை

எல்லோரும் பிள்ளை, கணவர், பேருந்து என்று எழுதுகிறீர்கள். நான் 36 வயது, மணமாகாதவள். இந்த இழையில் என்னைப் போன்றவர்கள் இல்லவே இல்லை.

அரச சேவையில் பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள். அரைச் சம்பளத்துடன் இன்னும் 84, சம்பளமின்றி இன்னும் 84 எடுக்கலாம். அது அவர்களுடைய உரிமை, எடுக்கட்டும். ஆனால் அந்த இடத்துக்குப் பதில் ஆள் வருவதில்லை. அவருடைய இரவுகளை யார் செய்கிறார்கள் என்று பட்டியலைப் பாருங்கள். 2022இல் வெளிநாடு செல்ல ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை தரும் 14/2022 சுற்றறிக்கை வந்த பின்னர் எங்கள் விடுதியில் மூவர் போனார்கள். அந்த இரவுகளும் என்னிடமே வந்தன. "உமக்கு வீட்டிலை என்ன பொறுப்பு" என்று கேட்பவர்கள் பெண்கள், இணுவில் தம்பியிடம் "ஆம்பிளைப் பிள்ளைதானே" என்று சொல்பவர்களும் அதே பெண்கள். என் அப்பா பக்கவாதத்தில் கிடக்கிறார். அவரைப் புரட்டிவிட்டுத்தான் நான் கடமைக்கு வருகிறேன்.

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். 24ஆம் நாள் தேர். பணியில் சேர்ந்த பின்னர் ஒரு முறைகூட நான் தேர் பார்த்ததில்லை. யாருடனும் சண்டை பிடித்ததுமில்லை. சண்டை இல்லாத இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

இணுவில் தம்பி

கொக்குவில் அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். கூடுதல் இரவுகள் எனக்கு மாத்திரம் வருகின்றன என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

மானிப்பாய் அம்மா

மூன்று நாட்களாகப் பதில் எழுதவில்லை. கையெழுத்து என்று பண்ணைக் காற்று எழுதிய சொல் மனதை விட்டுப் போகவில்லை.

கடமைப் பட்டியலை நான் பென்சிலால் எழுதுவேன். அழித்து எழுத வசதி. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர், கப்பலுக்கும் விமானத்துக்கும் பெயர் பதிந்து காத்திருந்த காலத்தில், மேல் பயிற்சிக்குக் கொழும்பு செல்லும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு வந்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்போது திரும்புவேன் என்று தெரியாமல் போகமாட்டேன் என்றாள். போகச் சொல்லி நான் வற்புறுத்தினேன். அவள் என்னிடம் குரலை உயர்த்தினாள். அடுத்த மாதப் பட்டியலில் அவளுக்கு இரவு முறையைக் கூட்டினேன். ஆளணிப் பற்றாக்குறை என்று காரணம் சொன்னேன். பற்றாக்குறை இருந்ததும் உண்மை. அவள் மறுத்த அந்தப் பயிற்சிக்கு ஓர் ஆண் தாதி போனார். அவர் திரும்பி வந்து பொறுப்பாளரானார். அவளுக்கும் எனக்கும் இன்றுவரை பேச்சில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிவிடுவாள்.

போர்க்காலத்தில் எவரும் பேசாமல் இருந்ததாக நினைவில்லை என்று எழுதினேன் அல்லவா. இது போர்க்காலத்தில் நடந்ததுதான்.

பண்ணைக் காற்று, உங்கள் விடுதியில் பட்டியலை இப்போது யார் எழுதுகிறார்கள்?

பண்ணைக் காற்று

அம்மா, உங்களுக்குப் பதில் எழுதுவது எளிதாக இல்லை. கேட்ட கேள்விக்கு மாத்திரம் பதில் தருகிறேன்.

எங்கள் விடுதியில் ஓராண்டாகச் சகோதரியுடன் இன்னும் இருவர் சேர்ந்து எழுதுகிறார்கள்; அந்த இருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒருவர் மணமாகாதவராக இருக்க வேண்டும் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம்; கொக்குவில் மழை எழுதியதைப் போன்ற ஒரு முறைப்பாட்டின் பின்னர்தான் அது வந்தது. சகோதரிக்குத் தொடக்கத்தில் இது பிடிக்கவில்லை. தன் அதிகாரத்தைப் பறிக்கிறோம் என்று நினைத்தார். இப்போது, பட்டியல் ஒட்டப்படும் நாளில் தன்னை மாத்திரம் குறைசொல்லி எவரும் முகத்தைத் திருப்புவதில்லை என்பதால், அவரே அடுத்த விடுதிக்கும் சொல்கிறார். கையளிப்புச் சண்டைகள் நின்றுவிட்டன என்று சொல்லமாட்டேன். இந்த இழையைத் தொடங்கியதே அப்படியொரு சண்டையால்தான். இரவு முறை பற்றிய சண்டைகள் குறைந்திருக்கின்றன.

விண்ணப்பங்களுக்கு ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். அடிமட்டத்தால் கோடு போட்டு நான்கு நிரல்கள்: பெயர், கேட்கும் நாள், கிடைத்ததா இல்லையா, மறுத்தால் மறுத்தவரின் பெயரும் காரணமும். முதல் மூன்றும் ஒரே நாளில் முடிவாகின. நான்காவது நிரலைப் போடுவதற்கு எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது.